ஓரத்தில் ஒரு பென்சில்

"மறுபடியும் ஏரிக்குள்ளேருந்து வாளா?"

பதிப்பாசிரியர் நாவல் பிரதியை மேசையில் போட்டார். எதிரே எழுத்தாளன் உட்கார்ந்திருந்தான். அது அவனுடைய நான்காவது மாயாஜால நாவல்.

"ரெண்டு வருஷம் ஆளையே காணோம். வந்தா இதோட வர்றீங்க. வெள்ளைத் தாடிக் கிழவர், பேசுற பருந்து, ஏழு கதவுக்குப் பின்னாடி பூதம். மாத்தாம அச்சுக்கு அனுப்ப மாட்டேன் தம்பி. நான் சொல்றது இருக்கட்டும், உங்க வீட்டுலயே சொல்லியிருக்காங்களே."

பக்கத்தின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலில், சாய்ந்த சின்ன எழுத்தில் 'பழசு' என்றிருந்தது. அவனுடைய மனைவிதான் எப்போதும் முதல் வாசகி. அரைத்த மாவையே அவன் அரைக்கும் இடங்களில் அப்படித்தான் எழுதுவாள்.

அவன் முன்னால் குனிந்தான். "அது உங்களுக்கும் தெரியுதா சார்?"

"பின்ன கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கேன்? முதல் புத்தகத்துலேருந்து பார்க்குற கையெழுத்து." பக்கங்களைப் புரட்டினார். "'இந்தக் கிழவருக்கு யாராவது சவரம் பண்ணி விடுங்க.' சிரிச்சு முடியல. 'இந்த வாள் போன தடவையே துருப்பிடிச்சாச்சு.' இதோ, செத்துப்போன ராணி திரும்பி வர்ற இடத்துல, 'எல்லாத்தையும் விட இதுதான் பழசு.'"

அவன் அந்த வரியை விரலால் தொட்டான், எழுத்து கலையாதபடி.

"ஒன்பதாவது அத்தியாயம் மட்டும் புதுசு. பிரமாதம். அங்க அவங்க ஒரு குறிப்புகூடப் போடல."

"அதை எடுத்துடுறேன் சார்."

"எதை?"

"ஒன்பதாவதை. அங்கயும் பருந்தைக் கொண்டு வந்துடுறேன்."

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடுறீங்களா? புத்தகமே வராமப் போயிடும்."

"பரவாயில்ல."

பிரதியை அடுக்கி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. அவங்களை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. இத்தனை தடவை சொல்லியும் நீங்க ஏன் கேக்கலன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்."

அவன் கதவருகில் நின்றான்.

"அவ செத்த பிறகுதான் சார் இதை எழுதவே ஆரம்பிச்சேன்."