கணினி விட்ட மிச்சம்

“அப்ப உங்கட கொம்பியூட்டர் முடிவெண்டு ஒண்டும் சொல்லேல்லையோ, தம்பி?”

ஞானேஸ்வரி கேட்டதும் அம்மன் கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் அனோஜன் பக்கம் திரும்பின. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய அந்த ஊருக்குக் குடிநீர்க் குழாய்த் திட்டம் போட வந்த பொறியியலாளன் அவன்.

“சொன்னது அக்கா. ஆயிரக்கணக்கிலை திட்டம் போட்டுப் பாத்தது. செலவும் குறைய வேணும், எல்லா வீட்டுக்கும் தண்ணி வேகமா வரவும் வேணும். ஒண்டைப் பிடிச்சா மற்றது வழுக்குது. ரெண்டிலையும் மோசமானதுகளைக் கழிச்சுப்போட்டுது.”

“கழிச்சு?”

“மிஞ்சினதிலை ரெண்டைக் கொண்டந்திருக்கிறன். எது திறம் எண்டு கணக்காலை சொல்ல ஏலாது.”

“இதைச் சொல்லவோ நாலு வருசம் கம்பஸிலை படிச்சனீங்கள்?” என்றார் குடிநீர்ச் சங்கத் தலைவர் ராசு.

மண்டபம் சிரித்தது. அனோஜனும் சிரித்தான். அதே கேள்வியை அவனும் தன்னைப் பலமுறை கேட்டதுண்டு.

முதலாவது திட்டத்தில் மெல்லிய குழாய். செலவு குறைவு. ஆனால் கோடையில் பின்னேரங்களில் காட்டுக்கரை வீடுகளுக்கு நூல் போலத்தான் தண்ணீர் வரும். இரண்டாவதில் பெரிய குழாய். காட்டுக்கரைக்கும் தாராளமாக வரும், ஆனால் ஊர் முழுவதற்கும் மாதக் கட்டணம் கொஞ்சம் ஏறும்.

ஞானேஸ்வரியின் வீடு காட்டுக்கரையில்.

“நூல் மாதிரி வந்தா நான் பொழுதுபடுற நேரம் வாளியோட கிணத்தடிக்குப் போக வேணும். அந்தப் பாதையாலைதான் ஆனையும் வாறது. அதிட்ட உங்கட கணக்கைச் சொல்லட்டோ?”

“உன்ர வாளிக்காக ஊரெல்லாம் கூடக் காசு கட்டுறதோ?” என்றார் முன்வரிசையில் இருந்த சுதாகரன்.

கை உயர்த்தச் சொன்னபோது சரிபாதியாகப் பிரிந்தது.

அனோஜனுக்கு முதலாவதுதான் வேண்டும். செலவையும் தண்ணீர் வேகத்தையும் ஒப்பிட்டு அவன் கீறிய வரைபடத்தில், வளைவு திரும்புகிற இடத்தில் அது அத்தனை அழகாகக் குந்தியிருந்தது. அந்த அழகில் மயங்கி, ஊரைக் கேட்பதற்கு முன்பே ‘இதுதான் முடிவு’ என்று மேலதிகாரிக்கு அனுப்பியும் விட்டான். இனி மாறினால் கந்தோரில் தலை காட்ட முடியாது.

“கணக்காலை ஏலாட்டி அம்மனைக் கேப்பம்,” என்றார் பூசாரி ஆண்டியப்பன். “பூக் கட்டிப் பாப்பம். வெள்ளை வந்தா முதலாவது, சிவப்பு வந்தா ரெண்டாவது.”

ஊர் உடனே ஒத்துக்கொண்டது.

“தம்பியே பூவைக் கட்டட்டும்,” என்றாள் ஞானேஸ்வரி. “பிறகு நாங்கள் களவு செய்தனாங்கள் எண்டு பேர் வரக்கூடாது. படிச்ச பிள்ளை, அப்பிடியொண்டும் செய்யாது.”

அனோஜன் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பூப் பறித்தான். வாழையிலைத் துண்டுகளில் இரண்டு பொட்டலம் கட்டி அம்மனுக்கு முன்னால் தட்டில் வைத்துவிட்டு, கைகால் கழுவப் போனான். திரும்பி வந்தபோது மண்டபம் வெற்றிலையும் கதையுமாக இருந்தது. ஞானேஸ்வரி மட்டும் உள்ளே விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“பாருங்கோ, தம்பி பதற்றமே இல்லாமல் நிக்கிறார்,” என்று ராசு பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சினார். “கணக்கை நம்பின மனுசன்.”

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து விரித்தார்.

செவ்வரத்தம்பூ. இரத்தச் சிவப்பு.

சுதாகரன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனே சொன்ன பிறகு கட்டணத்தைப் பற்றி யார் கதைப்பது?

அனோஜன் தட்டை எட்டிப் பார்த்தான்.

“என்ன தம்பி, சந்தேகமோ?” ஞானேஸ்வரி மற்றப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “இதையும் எல்லாருக்கும் முன்னாலை விரிச்சுக் காட்டட்டோ?”

“வேண்டாம் அக்கா,” என்றான் அனோஜன் அவசரமாக. “அம்மன் சொன்னாச் சரிதான்.”

அவன் கட்டி வைத்த இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டைதான் இருந்தது.