கோடுகள் வெட்டும் இடம்

புவிச்சரிதவியல் செய்முறைப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு மணித்தியாலங்கள் இருந்தன. எடித்துக்குக் கற்களெல்லாம் பாடம். தேசப்படம் வாசிப்பில்தான் இரண்டு முறை தவறியிருந்தாள். இம்முறையும் தவறினால் கல்லூரியை விடவேண்டும். அதனால் பழக்குவதற்கு, அவளோடு படிக்கும் நான் தலைமன்னாரில் அவளுடைய வீட்டுக்கே போனேன்.

"அப்பா எங்கையடி?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிட்டார்." கல்லூரியில் பழகத் தொடங்கிய இரண்டு வருடமாக எப்போது கேட்டாலும் இதே பதில்தான்.

கரையில் நின்று திசையறிகருவியால் கோயிலையும் வெளிச்சவீட்டையும் பார்த்து, அந்தத் திசைகளைப் படத்தில் இரண்டு கோடுகளாகக் கீறவேண்டும். அவை வெட்டும் இடம்தான் நாம் நிற்கும் இடம். என் கோடுகள் கரையில் வெட்டின. எடித்தின் கோடுகள் கடலுக்குள் வெகுதூரத்தில் வெட்டின.

"தலைக் கிளிப்பைக் கழட்டு. ஊசி அதுக்கு இழுபடுது."

கழற்றினாள். கோடுகள் அதே புள்ளியில் வெட்டின.

"தலைக்குள்ளையும் இரும்போ?" என்றேன். சிரித்துக்கொண்டு என் தோளில் அடித்தாள்.

பிறகு கருவியை அவள் பிடிக்க, எண்ணை நானே வாசித்து, கோடுகளையும் நானே கீறினேன். அவையும் அதே புள்ளியில்தான் வெட்டின.

"நாளைக்கு இப்பிடிக் கீறினா பெயில்தான். கரைக்குத் தள்ளிக் கீறு" என்று அழிறப்பரை எடுத்தேன்.

எடித் உள்ளங்கையால் புள்ளியை மூடினாள்.

"நாளைக்குத் தள்ளிக் கீறுறன். இதை மட்டும் அழிக்காதை. எங்கை தேடுறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. அப்பா போய் நாலு வருஷம். இன்னும் திரும்பி வரேல்லையடி."