பொன்தூளுக்கு அடியில்

14 நவம்பர் 2024, வியாழன். சிறு பிழை. பெட்டியில் மெருகுக் கோட்டைத் தடிப்பாக இழுத்துவிட்டேன். மேலே தூவிய பொன்தூள் காய்ந்ததுபோல் தெரிகிறது. அடியில் மெருகு இன்னும் ஈரம். தொட்டால் தோல் கொப்புளிக்கும்.

இதை எழுதிவிட்டுத்தான் யாதவி படுத்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை, வேலை முடிந்து, சுவிஸின் ஓல்டன் நகரிலுள்ள வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். ஜப்பானிய மரப்பால் மெருகு வெயிலில் காயாது. ஈரக் காற்றில்தான் இறுகும். அதனால்தான் மாலை வகுப்பில் செய்த சாப்பாட்டுப் பெட்டியை, நனைத்த துவாயோடு அங்கே வைத்திருந்தாள்.

துவாய் இருந்தது. பெட்டி இல்லை.

"அம்மா, என்ர பெட்டி எங்கை?"

"மெல்லக் கதை, பிள்ளை நித்திரை." பத்மினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாப்பாடு வைக்கிற பெட்டியைக் கொண்டுபோய் கக்கூசுக்குள்ள வைக்கிறியே, அதுவும் வெள்ளிக்கிழமையில. எடுத்துச் சாமித்தட்டில வச்சிருக்கிறன்."

யாதவி அம்மாவின் வலக்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். விரல் நுனிகளில் பொன் மினுங்கியது.

"என்னடி, கைரேகை பாக்கிறியோ?"

யாதவி சிரிக்கவில்லை. பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். முதலில் எண்ணெய், பிறகுதான் சோப். சரியாகத்தான் நினைவிருக்கிறதா?

"மாங்காய்ப் பால் படாத கையோ இது? ஒண்டும் செய்யாது."

இருக்கலாம். வருடக்கணக்காக ஹோட்டல் அறைகளைத் துடைத்துத் தடித்த கை. யாதவிக்கு மூச்சு வந்தது.

பெட்டியை எடுக்கச் சாமித்தட்டுக்குப் போனாள். பக்கத்தில் விபூதிக் கிண்ணம். வெள்ளைக்குள் ஒரு மினுக்கம்.

"அம்மா, பெட்டியை வச்ச கையோட விபூதி எடுத்தனீங்களோ?"

"ஓம். விளக்கு வச்சு, பிள்ளைக்கும் பூசிப்போட்டுத்தான் படுக்க விட்டனான்."

அண்ணனின் மகள் கிருசிகாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாதவி மெதுவாக அவள் முகத்தைத் திருப்பினாள்.

நெற்றியில் விபூதி பாதி அழிந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் குழந்தை தேய்த்திருக்க வேண்டும். பொன்தூள் அவள் பொத்திய கையில் இருந்தது. இமையிலும் இருந்தது.

கண்ணுக்குள் போகாமல் ஒற்றி எடுத்தாள். குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போன் எடுத்தாள். இப்போது சிவக்கவில்லை என்றால் இரவு முழுக்கக் கவனிக்கச் சொன்னார்கள். வீக்கம் உடனே வராதாம்.

பத்மினி வாசலில் நின்றாள். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

15 நவம்பர் 2024, வெள்ளி. நாளை: விடிந்ததும், கிருசிகாவின் இரண்டு கண்களும் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.