அனுமதி இல்லை

"என்னம்மா, இன்னும் அதே பல்லவிதானா?"

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் வந்து நின்றார். லினக்ஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் மறுபடி அதே வரி.

"பர்மிஷன் டினைட்னு வருது சார். அனுமதி மறுக்கப்பட்டதாம்."

"நேத்துதானே ஆள் வந்து புரோகிராமைப் போட்டுட்டுப் போனான்? அணைச்சுப் போட்டுப் பாரு."

"பார்த்தாச்சு சார்."

"எடுத்துட்டுப் புதுசா போடு."

"அதுவும் ஆச்சு."

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கே ஓடணும். யார் சீட்டுல பத்து நிமிஷம் ஆள் இல்லையோ, அவங்களுக்குத் தானா அரை நாள் லீவு விழணும். விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

பக்கத்து மேஜை கணக்கு அக்கா கைப்பையோடு எழுந்தாள்.

"இவளை நம்பினா விளங்கின மாதிரிதான் சார். நாலு பட்டனைத் தட்டிட்டா இன்ஜினியரா?"

சொல்லிவிட்டு ஃபைல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிஸ்டம் பெண் நிமிரவே இல்லை.

கால் மணி நேரமாகியும் திரையில் அதே வரி. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்போ போட்டவன் மேலதான் தப்பு. அவன் முதலாளிகிட்ட பேசுறேன். இன்னிக்கே அவன் சீட்டு கிழியும்."

போனை எடுத்தார்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடி, மனசுக்குள் எதையோ வேண்டிக்கொண்டாள்.

"போனை வைங்க சார். அவர் மேல தப்பில்லை."

"பின்னே?"

"அனுமதி மறுக்கப்பட்டதுன்னு சொன்னேனே, மறுத்தது நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை. திரும்பப் போட்டாலும் மறுப்பேன். சீட்டைக் கிழிக்கணும்னா என்னோடதைக் கிழிங்க."

"என்ன திமிர் உனக்கு? யாருக்காக இதெல்லாம்?"



ஃபைல் அறைக் கதவு திறந்தது. கணக்கு அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்தாள். வீட்டில் விட்டுவந்த நாலு மாதக் குழந்தைக்காக, தினமும் இந்த நேரத்தில் எடுத்து வைக்கும் தாய்ப்பால், கைக்குட்டை சுற்றிய பாட்டிலில்.

மேனேஜர் பாட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னுமா ஓடலை?" என்றாள் அக்கா, சிஸ்டம் பெண்ணின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "தெரியலைன்னா தெரியலைன்னு ஒத்துக்க வேண்டியதுதானேடி."

"ஆமாக்கா," என்றாள் சிஸ்டம் பெண். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."