கையில் இரும்பு

கண் விழித்தபோது அவள் கையில் ஒரு சாவி இருந்தது.

முதுகுக்குக் கீழே சிமெண்ட் தரை. மேலே மின்விசிறி. அதைச் சுற்றிலும் முகங்கள். எல்லாம் டியூஷனில் கூடப் படிக்கும் பிளஸ் ஒன் முகங்கள்.

நாக்கில் ரத்தம் கரித்தது. கடித்திருக்கிறாள்.

மறுபடியும் வந்துவிட்டது.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது ஓர் இரும்போடுதான் விழித்திருக்கிறாள். வீட்டுச் சாவிக்கொத்து. தோசைக்கரண்டி. பேருந்தில் விழுந்தபோது யாரோ ஒரு காய்கறிக்காரரின் எடைக்கல். சித்தி வீட்டில் ஒரு தடவை அரிவாள்மனை. விரல்கள் ஐந்தும் மிச்சம் இருப்பது பெரிய விஷயம்.

இது சின்னச் சாவி. சைக்கிள் சாவி.

எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் சுடிதார் நனைந்திருப்பது தெரிந்தது.

அப்படியே தரைக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது.

சாரின் மனைவி போர்வை கொண்டுவந்து இடுப்பைச் சுற்றி மூடினார். பையன்களை வெளியே போகச் சொன்னார். தள்ளுமுள்ளாகப் போனார்கள். கடைசியாகப் போனவன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

பேச்சிமுத்து.

யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அவன் பார்த்திருக்க வேண்டாம்.

இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. அவள் உள்ளே வந்தால் அவன் பேனாவைக் கீழே போடுவான். எடுக்கக் குனிந்து, நிமிரும்போது ஒரு பார்வை. அவன் வராத நாளில் அவளுக்குக் கணக்கு ஏறாது. தாத்தாவிடம் இரவல் வாங்கியது போல ஒரு பெயர் அவனுக்கு. கொஞ்ச நாளாக அந்தப் பெயரும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அம்மா ஆட்டோவில் வந்தாள். சாரிடம் சொன்னாள். படியில் நின்றவர்களிடம் சொன்னாள். யாரும் கேட்காமலே தெருவில் நின்றவர்களிடமும் சொன்னாள்.

"சாப்பிடாம வந்துட்டா. மயக்கம், வேற ஒண்ணுமில்ல."

வீட்டில் எப்போதும் அந்தச் சொல்தான். வலிப்பு என்று வாய் தவறியும் வந்துவிடக் கூடாது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்துவிடும். அவளுடைய மாத்திரைகூட அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துதான் இருக்கும், திருட்டுச் சாமான் மாதிரி.

சாயங்காலம் தோழி ஜெயராணி போனில் வந்தாள்.

"ஏட்டி, அது பேச்சிமுத்து சைக்கிள் சாவி. யாரோ இரும்பு இரும்புன்னு கத்தவும் குடுத்துட்டான். பெறவு நீ முழிக்கிற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான். உங்கம்மா வந்ததும் கேக்கக் கூச்சம். பூட்டுன சைக்கிளை, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்குக் கொண்டுபோனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது.

பரிதாபப்பட்டுச் செய்திருந்தால்?

உலகத்தில் அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'ஐயோ பாவம்.' பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறாள், கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள். அவன் வாயிலிருந்து கேட்டால் தாங்க மாட்டாள்.

"இனிமே டியூஷன் வேண்டாம்" என்றாள் அம்மா.

"சாவியைக் குடுக்கணும்" என்றாள் அவள்.

அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? மறுநாள் போனாள்.

அவன் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தான். சைக்கிள் இல்லை. நடந்து வந்திருக்கிறான். பூட்டை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை.

அவளைக் கண்டதும் கீழே போட அவன் கையில் பேனா இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினான். பிறகு பேசினான். முதல் பேச்சு.

"மயக்கம்னு சொன்னாங்க. இப்ப சரியாயிட்டா?"

ஆமாம் என்றால் போதும். அவன் நம்பிவிடுவான். நம்புவதற்குத் தயாராக நிற்கிற முகம். நாளைக்குப் பேனா மறுபடியும் கீழே விழும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அடுத்த முறை அவள் விழுகிற வரை.

"சரியாகல" என்றாள். "ஆறாப்புல இருந்தே இருக்கு. வலிப்பு. இன்னமும் வரும்."

படியேறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளே அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி இன்றுதான் கேட்கிறாள்.

அவன் பொத்தானை விட்டான். தரையைப் பார்த்தான்.

ஆக, இவ்வளவுதான். அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இரும்பு குடுத்தா நிக்காது. கையில ஒண்ணும் குடுக்கக் கூடாது, வாயிலயும் வைக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும். பெரும்பாலும் அதுவா நின்னுரும்."

சொல்லிவிட்டுப் படியேறினாள். கால் நடுங்கியது. இது வேறு நடுக்கம். இதற்கு மாத்திரை கிடையாது.

பாதிப் படியில் அவன் குரல் கேட்டது.

"எந்தப் பக்கம்?"

திரும்பினாள்.

அவன் இன்னும் சாவியைப் பையில் போடவில்லை. பரீட்சைக்கு வருகிற கேள்வியைத் தெரிந்துகொள்ள நிற்பவன் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் ஒரே ஒரு சொல்.

இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.

அவனும் தன் இடது தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.