கணேசனின் காசி டூர்

"கட்டின பொண்டாட்டி கீமோ எடுத்துக்கிட்டுப் படுத்துக் கிடக்கறாங்க. இவர் ஜாலியா காசிக்கு டூர் போயிருக்கார். மனுஷனாங்க இவர்?"

காப்பி டம்ளரை டொக்கென்று வைத்தாள் சுசித்ரா. அடுத்த வீட்டுக் கணேசனுக்குத்தான் இந்த அர்ச்சனை. ஒன்பது நாளாக நடக்கிறது.

"மெதுவா பேசு" என்றார் கணவர் மனோஜ்குமார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"எதுக்கு மெதுவா? தங்கச்சி வீட்டு விசேஷம், ரெண்டே நாள்னு கௌதள்ளிக்குப் போனவர். அங்கிருந்தே போன் பண்றார், டூர் பஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு, அப்படியே கிளம்பறேன்னு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத் தோணலையே!"

"நிர்மலாவே போகச் சொல்லியிருப்பாங்க."

"அக்கா சொல்லத்தான் சொல்லுவாங்க. இவருக்கு எங்கே போச்சு புத்தி?"

விஜயநகரில் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரியும். தெரியாத ஒன்றிரண்டு பேருக்குப் பால் பூத்தில் வைத்து சுசித்ராவே தெரியப்படுத்திவிட்டாள்.

காசிக்குப் போகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் ஆசைப்பட்டார்கள். கிளம்புகிற நேரம் பார்த்து நிர்மலாவுக்குப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கீமோவில் எதிர்ப்புச் சக்தியெல்லாம் போய்விட்டதால், சளி பிடித்த ஆள்கூடக் கிட்டே வரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் சௌம்யாதான் பெங்களூரிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்து பார்த்துக்கொள்கிறாள். பாவம், வீட்டைத் தாண்டாமல் கிடக்கிறாள் நிர்மலா. இவருக்குக் காசி கேட்கிறது!

நேற்றுக்கூட நிர்மலா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னிக்குப் படகுல போனோம் சுசி" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "வீடியோவை முதல்ல அனுப்பிடறார். அப்புறம் போன்ல பேசிக்கிட்டே ஒவ்வொரு படித்துறையா சுத்திக் காட்டறார்."

"முகத்தைக் காட்டிப் பேசலாம் இல்லையா?"

"கேமரா உடைஞ்சு போச்சாம்."

உடையாமல் என்ன செய்யும்! யாரோடு போய்க் கும்மாளம் போடுகிறாரோ! என்று நினைத்துக்கொண்டாள் சுசித்ரா.

மனோஜ்குமார் ஆபீசுக்குக் கிளம்பினார். "மாடிப் போர்ஷன்ல பெயின்ட் வேலை நடக்குது. அந்தப் பக்கம் போகாதே, நெடி உனக்கு ஆகாது" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன அரைமணியில் மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டியது. மோட்டாரை நிறுத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு சுசித்ரா படியேறி ஓடினாள்.

பூட்டியிருந்த போர்ஷனுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"இடது பக்கம் பாரு நிர்மலா. சந்துல ஒரு எருமை வருது. எல்லாரும் சுவரோட ஒட்டி நிக்கிறாங்க..."

கணேசன்!

அட மகாபாவி! காசிக்குப் போகாமல் இங்கேயா ஒளிந்திருக்கிறார்? சுசித்ரா ஜன்னல் கதவைப் படாரென்று தள்ளினாள்.

உள்ளே பாயில், வேப்பிலை நடுவில் உட்கார்ந்திருந்தார் கணேசன். முகம், கை எல்லாம் கொப்புளம். கையிலிருந்த போனில் யாரோ எடுத்த காசி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் பதறி, பேசாதே என்று கை கூப்பினார். "பஸ் கிளம்புது நிர்மலா, வெச்சுடறேன்" என்று போனை அணைத்தார்.

"உள்ளே வராதீங்கம்மா. அம்மை போட்டிருக்கு."

சுசித்ரா இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

"கௌதள்ளியிலயே போட்டிருச்சுங்க. தங்கச்சி வீடு நிறையக் குழந்தைங்க, அங்க இருக்க முடியலை. எங்க வீட்டுக்கும் போக முடியாது. மனோஜ் சார்தான் சாவி குடுத்து, வேளைக்குச் சாப்பாடும் குடுக்கறார்."

"அக்காகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார்!"

"சொன்னா கீழே இருப்பாளாங்க? எனக்குத் தலைவலின்னாலே தூங்காதவ. கஞ்சியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறிடுவா. இது ஒட்டிக்கிட்டா அவ உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னார்." கையிலிருந்த போனைப் பார்த்தார். "காசின்னா வர முடியாதுல்லங்க?"

சுசித்ரா கீழே வந்தாள். பால் பூத்தில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைக்குக் குளித்து, துணி மாற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தால், சுவரின் மேல் ஒரு தூக்குப் பாத்திரம். பத்தடி தள்ளி நிர்மலா நின்றிருந்தாள்.

"கேப்பைக் கூழ் சுசி. மோர் விட்டுக் கரைச்சிருக்கேன், தாளிக்கலை. அம்மை போட்டவங்களுக்குத் தாளிச்சது ஆகாது. மனோஜ்கிட்ட குடுத்து மாடிக்கு அனுப்பிடு. நீ செஞ்சதுன்னு சொல்லு. நீ ஜன்னலைத் தள்ளின சத்தம் போன்ல கேட்டுது, அதான் உன்கிட்டயே சொல்றேன்."

"அக்கா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாத்தனார் போன் பண்ணி, அண்ணனுக்கு அம்மை இறங்கிடுச்சான்னு கேட்டா. எங்கே இருக்கார்னுதான் தெரியாம தவிச்சேன். மறுநாள் காலையில அவர் கங்கையைக் காட்டிக்கிட்டு இருக்கார், பின்னாடி நம்ம கார்ப்பரேஷன் குப்பை வண்டி கன்னடப் பாட்டு! ஒரு காதுல போன்ல கேக்குது, இன்னொரு காதுல வாசல்ல கேக்குது. இந்தத் தெருவுல பூட்டிக் கிடக்கறது உங்க மாடி ஒண்ணுதானே!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சும்மாவா? உங்க கேட் வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டேன்." நிர்மலாவின் கண் நிறைந்தது. "நான் மேலே ஏறிட்டா, அவர் தனியாக் கிடந்து படற பாடெல்லாம் வீணாயிடும். திரும்பிட்டேன்."

"போதும்க்கா. இப்பவே போய், அக்காவுக்கு எல்லாம் தெரியும்னு ஜன்னல் வழியாச் சொல்லிடறேன். மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்."

"ஐயையோ, சொல்லிக்கில்லித் தொலைச்சுடாதே சுசி!" பதறினாள் நிர்மலா. "நாளைக்கு என்னைக் கயாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்!"