கண்ணாடிக்குள் சிரிக்காதவன்

"நான் சிரிக்கிறேன், அவன் சிரிக்க மாட்டேங்கிறான் பாரு."

கடையின் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் சொன்னதும், பிளாஸ்க்கைத் திறக்கப்போன மனைவியின் கை அப்படியே நின்றது.

"யாருங்க?"

"தெரியல. என் சட்டையைப் போட்டிருக்கான்."

விற்பனைக்குச் சாய்த்து வைத்திருந்த அத்தனை கண்ணாடிகளிலும் அவர் முகம் இருந்தது. ஒன்றில்கூட அசைவில்லை. எப்போதோ ஒருமுறைதான் இமை மூடித் திறந்தது.

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். மறுபடியுமா?

சென்ற ஆண்டு கண்ணாடிகள் தன்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவதாகச் சொல்லி, வீட்டில் இருந்தவற்றையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தவர் அவர். மனச்சிதைவு என்றார் டாக்டர். "என்னைப் பைத்தியம்ங்கிறியா?" என்று மாத்திரைகளை ஜன்னல் வழியாக வீசியெறிந்தார். வேறு வழியில்லாமல் டாக்டர், அவருக்குத் தெரியாமல் கொடுக்கச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

அவளும் டீயில் கலந்து கொடுத்தாள். குரல்கள் அடங்கின. கடையைத் திறந்தார். சொல்லத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் கொஞ்ச நாளாக வேறேதோ அவருக்குள் குடியேறியிருந்தது. கை வீசாமல் நடந்தார். கண்ணாடியை வெட்ட அவர் இழுக்கும் கோடு கோணிக்கொண்டு போனது.

"சித்த உக்காருங்களேன்."

"முடியல. உள்ள யாரோ சாவி கொடுத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. காலு நிக்கவே மாட்டேங்குது."

யாரோ. அந்த ஒரு சொல் போதும். இன்று காலை நாலு சொட்டு கூடுதலாக விட்டது நல்லதுதான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பட்டாளத்துல சேந்துட்டீங்களா? இவ்வளவு வெறப்பா நடக்கிறீங்க? அண்ணி, இவருக்கு எண்ணெய் போட்டு விடுங்க!"

அவர் சிரிக்கவில்லை. டீயை மட்டும் குடித்து முடித்தார். அவள் காலிப் பிளாஸ்க்கோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானச் சாப்பாட்டோடு அவள் மறுபடி வந்தபோது, அவர் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்து ஒரு பக்கமாக முறுகிப் போயிருந்தது.

"புடிச்சுத் திருப்புறாங்க..." பல்லைக் கடித்தபடி வார்த்தை வந்தது. "என்னை விடச் சொல்லு..."

கருவிழிகள் மேலே ஏறிச் செருகிக்கொண்டன. சுற்றியிருந்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் வெள்ளை விழிகள்.

அவள் போட்ட கூச்சலில் பூட்டுக்காரர் ஓடிவந்தார். இருவருமாக அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊசி போட்டுச் சிறிது நேரத்தில், யாரோ பிடியை விட்டதுபோல் கழுத்து தளர்ந்தது. விழிகள் கீழே இறங்கின. அவர் சுற்றிலும் பார்த்தார்.

பெண் டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. இது வியாதி முத்தினது இல்ல. மருந்து அளவுக்கு மீறினா இப்படி இழுத்துக்கும். முகம் இறுகுறது, கால் ஒரு இடத்துல நிக்காதது எல்லாம் அதோட வேலைதான். என்ன மருந்து சாப்பிடறாரு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டபோதும் அவள் கையால் கொடுத்ததை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டவர். இப்போது வாயைத் திறந்தால் இனி அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மாட்டார். திறக்காவிட்டால் அந்தக் கழுத்து மறுபடி முறுகும்.

"சொட்டு மருந்துங்க," என்றாள். "அவருக்குத் தெரியாம... டீயில நான்தான் கலந்து கொடுத்தேன்." மருந்தின் பெயரையும் அளவையும், இன்று காலை நாலு சொட்டு கூடுதலாக விட்டதையும் தலைகுனிந்தபடி சொன்னாள்.

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இந்த அளவுக்கு, நாலு சொட்டு கூடினாக்கூட இவ்வளவு ஆகாதேம்மா."

கட்டிலில் இருந்தவர் மெல்லத் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். அதே மருந்து.

"அந்தப் பேச்செல்லாம் அடங்கினப்புறம், எனக்கு மொதல்ல கேட்ட நெசமான சத்தம் நீ குளியலறையில ஒளிஞ்சு அழுததுதான்," என்றார் அவர் மனைவியிடம். "மறுநாளே வேற டாக்டரைப் போய்ப் பாத்து, உனக்குத் தெரியாம நானே மாத்திரை போட்டுக்க ஆரம்பிச்சுட்டேன்."